முந்திரிக் காடு நகரமான கதை

பண்ருட்டியிலிருந்து வடலூர் நோக்கித் தெற்கே செல்லும் நெடுஞ்சாலையில் பயணம் செய்வோர், சாலையின் மேற்குப் பக்கத்தில் உயர்ந்து நிற்கும் ஒரு வளைவைக் காணாமல் கடக்க முடியாது. "ஆர்ச் கேட்" என்று சொன்னால் அந்தத் தடத்துப் பேருந்து நடத்துனர் ஒவ்வொருவரும் அறிவர். வளைவுக்குள்ளே சென்றால் நெய்வேலி நகரியம்: அளந்து போட்ட நேர் சாலைகள், சாலைக்கு நிழல் தரும் மரங்கள், எண்களால் பெயரிடப்பட்ட வட்டங்கள், ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற வீடுகள். வளைவுக்கு வெளியே நின்று பார்த்தால் வேறோர் உலகம். நெருங்கி நிற்கும் கடைகள், ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு எழும் மாடி வீடுகள், திருமண மண்டபங்கள், பள்ளிப் பேருந்துகள், தேநீர்க் கடைகள். இந்திரா நகர் என்றும் வடக்குத்து என்றும் அஞ்சல் உறைகளில் எழுதப்படும் பகுதி இதுதான்.

நெய்வேலியைப் பற்றி எழுதாத ஏடு தமிழ்நாட்டில் இல்லை எனலாம். பாடநூல்களிலும் அதற்கு இடமுண்டு. வடக்குத்தைப் பற்றி எழுதுவாரோ அரியர். ஆயினும், ஒரு பெருந்தொழில் எழுந்தால் அதனைச் சுற்றியுள்ள மண்ணும் மக்களும் என்ன ஆகின்றனர் என்பதை அறிய விரும்புவோர், வளைவுக்கு உள்ளே தேடுவதினும் வெளியே தேடுவதே நலம். நெய்வேலிக்கு உழைக்க வந்தோர் முதுமையில் வந்து தங்கும் இடமும், நெய்வேலிக்காக நிலத்தை விட்டெழுந்தோர் ஒதுங்கிய இடமும் இங்கே அடுத்தடுத்த தெருக்களாக அமைந்துவிட்டன.

செம்மண்ணும் மேய்ச்சலும்

இன்றைய கடலூர் மாவட்டம் 1993ஆம் ஆண்டுவரை தென்னார்க்காடு மாவட்டத்தின் ஒரு பகுதியாக இருந்தது. அம்மாவட்டத்தின் கிழக்குக் கரையோரம் நெல்வயல். தென்கோடியில் வீராணம் ஏரிப் பாசனம். பண்ருட்டிக்குத் தெற்கே உள்ள மேட்டு நிலமோ முற்றிலும் வேறு. சிவந்த மண். மழை பெய்த மறுநாளே காய்ந்துவிடும். ஆறு எட்டாத நிலம். வானத்தை நம்பியே உழவு. கம்பும் வரகும் விதைத்தனர். மணிலாப் பயிர் பரவிய பிறகு மணிலா விதைத்தனர். அவ்வட்டாரத்தார் அதனை மல்லாட்டை என்பர். வெளியூரார் கேட்டுச் சிரிப்பதுண்டு. ஆனால் அந்த மல்லாட்டையைக் கொண்டுதான் ஆண்டுக் கடனை அடைத்தனர்.

இவை எல்லாவற்றிற்கும் மேலாக முந்திரியும் பலாவும் இருந்தன. முந்திரி நம் நாட்டு மரமன்று. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் பிரேசில் நாட்டிலிருந்து கொண்டுவந்த மரம். நீரும் எருவும் கேளாமல், வளம் குன்றிய செம்மண்ணிலும் வேர் ஊன்றிக் காய்க்கும் இயல்புடையதால், தென்னார்க்காட்டு மேட்டு நிலத்துக்கு அது தானாகவே பொருந்திவிட்டது. மாசியில் பூத்து, சித்திரையில் கொட்டை உதிரும். ஆடவர் தோப்பில் பொறுக்குவர். பெண்டிர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து உடைப்பர். கொட்டையின் ஓட்டிலுள்ள எண்ணெய் பட்டால் கை வெந்துவிடும். ஆகையால் சாம்பலைக் கையில் பூசிக்கொண்டு உடைப்பர். நமது பண்டிகைப் பலகாரத்தில் பொன்னிறமாக மிதக்கும் பருப்பு ஒவ்வொன்றின் பின்னாலும் அத்தகைய ஒரு கை இருந்தது. இன்றும் இருக்கிறது.

தோப்புக்கு இடையே இருந்த தரிசும் புறம்போக்கும் மாட்டுக்கும் ஆட்டுக்கும் மேய்ச்சல். ஏர் மாடு போக, வீட்டுக்கு ஒன்றிரண்டு கறவை. அக்காலத்தில் பாலைத் தொலைவுக்கு எடுத்துச்செல்ல வழியில்லை. வெயில் ஏறுமுன் திரிந்துவிடும். ஆகவே பாலாக விற்றது குறைவு. தயிராக்கி, மோராக்கி, உருக்கி நெய்யாக்கிச் சந்தைக்குக் கொண்டு சென்றதே மிகுதி. நெய்வேலி என்னும் ஊர்ப்பெயரில் நெய்யும் இருக்கிறது, வேலியும் இருக்கிறது. வேலி என்பது ஏறத்தாழ ஆறரை ஏக்கர் கொண்ட பழைய நில அளவு. பெயராய்வில் இறங்கும் புலமை எனக்கில்லை. புலவர் வேறு பொருள் சொல்லக்கூடும். ஆயினும், கறவையும் காணியுமாக வாழ்ந்த நாட்டுக்கு இதனினும் பொருத்தமான பெயர் கிடைப்பது கடினம்.

இந்த நாட்டின் பழைய இயல்பைக் காட்டும் இன்னொரு சான்று வடலூரில் இருக்கிறது. பசித்தோர்க்கு உணவளிக்க இராமலிங்க அடிகளார் 1867ஆம் ஆண்டில் அங்கே தருமசாலை தொடங்கியபோது, அதற்கு வேண்டிய நிலத்தைப் பார்வதிபுரம் கிராமத்தார் மனமுவந்து வழங்கினர். அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாமல் எரிகிறது. நிலம் கொடுப்பது இவ்வட்டாரத்தார்க்குப் புதிதன்று என்பதற்காகவே இதனைக் குறிப்பிடுகிறேன். அடுத்த நூற்றாண்டில் கேட்கப்பட்ட நிலம் மிகப் பெரிது. அதில் மூண்ட நெருப்பும் மிகப் பெரிது.

கிணற்றில் வந்த கறுப்பு

1934ஆம் ஆண்டு, நெய்வேலி நிலக்கிழார் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு இறக்கினார். தண்ணீருடன் கறுப்பான பொருள் வெளிவந்தது. வேறொருவராயிருந்தால் கிணறு கெட்டது என்று மூடியிருப்பார். அவர் அதை எடுத்து ஆய்வுக்கு அனுப்பினார். அரசின் கவனத்தை விடாமல் வேண்டினார். நிலத்தடியில் பழுப்பு நிலக்கரி இருப்பதற்கான அறிகுறி இப்பகுதியில் முன்பே தெரிந்திருந்தது. 1884ஆம் ஆண்டிலேயே, பிரெஞ்சு ஆட்சியிலிருந்த பாகூர்ப் பக்கத்தில் ஊற்றுக்கிணறு தோண்டியபோது அது தென்பட்டது. ஆனால் அது பெருஞ்செல்வம் என்பதை நிலைநாட்டியது நெய்வேலிக் கிணறே. 1940களில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறை துளையிட்டு ஆராய்ந்தது. நாடு விடுதலை பெற்ற பின் சென்னை அரசு ஆய்வைத் தொடர்ந்தது. சோதனைச் சுரங்கம் ஒன்று தோண்டிப் பார்க்கப்பட்டது. காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1956 நவம்பர் 14 அன்று, நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் மத்திய அரசின் நிறுவனமாகப் பதிவு செய்யப்பட்டது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். மேல் மண்ணை நீக்கி நிலக்கரியைக் கண்ணால் காண 1961 ஆகஸ்டு ஆயிற்று.

இவ்விடத்தில் வாசகர்க்கு ஒரு வினா எழலாம். நிலக்கரி எங்கே கிடைத்தால் என்ன, இரயிலில் ஏற்றிச் சென்னைக்கோ சேலத்துக்கோ கொண்டுபோகலாமே. அதற்காக ஒரு நகரத்தையே கட்டுவானேன்? விடை அந்த நிலக்கரியின் இயல்பில் இருக்கிறது. பழுப்பு நிலக்கரி இளமையான கரி. அதன் எடையில் ஏறக்குறைய பாதி நீர். நூறு மூட்டை ஏற்றினால் ஐம்பது மூட்டை தண்ணீருக்குக் கூலி கொடுப்பதாகும். குவித்து வைத்தால் தானே சூடேறித் தீப்பற்றிக்கொள்ளும் தன்மையும் அதற்குண்டு. எனவே வெட்டிய இடத்திலேயே எரித்து, கரிக்குப் பதில் மின்சாரத்தை அனுப்புவதே அறிவுடைமை. சுரங்கத்தின் வாயிலிலேயே மின் நிலையம். மின் நிலையத்தின் அருகிலேயே தொழிலாளர் வீடு. முந்திரிக் காட்டில் நகரம் முளைத்ததற்குக் காரணம் இந்தக் கரிக்குள் இருந்த நீரே.

சோவியத் நாட்டின் உதவியுடன் எழுந்த முதல் அனல்மின் நிலையம் 1962ஆம் ஆண்டில் மின்சாரம் வழங்கத் தொடங்கி, 1970ஆம் ஆண்டளவில் 600 மெகாவாட் திறனை எட்டியது. சுரங்கத்தில் மண் அள்ளும் இராட்சதச் சக்கர இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. கம்பங்கொல்லையாய் இருந்த இடத்தில் ரஷ்யரும் ஜெர்மானியரும் குடும்பத்துடன் வாழ்ந்ததைக் கண்ட முதியோர் இன்னும் உள்ளனர். 1966இல் யூரியா உரத் தொழிற்சாலை வந்தது. பழுப்புக் கரியைச் சுட்டுக் கட்டியாக்கிய "லெக்கோ" என்னும் அடுப்புக்கரியும் வந்தது. எரிவாயு அடுப்பு வீடுதோறும் வருமுன், தமிழ்நாட்டில் எத்தனையோ அடுக்களைகளில் புகையின்றிச் சோறு பொங்கியது லெக்கோவால்தான் என்பதை நம் தாய்மார் மறந்திருக்கமாட்டார்கள். உரத் தொழிற்சாலையும் லெக்கோவும் இன்று இல்லை.

காலைப் பால்

ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஒரே இடத்தில் வந்து குடியேறினால், விடியும்போது அவர்களுக்கு முதலில் வேண்டுவது பால். முன்பு சந்தைக்குப் போகும்முன் திரிந்துவிடும் என்று அஞ்சி நெய்யாக்கிய பாலுக்கு, இப்போது நடந்தே போகும் தொலைவில் நாள்தோறும் காசு கொடுக்கும் வாங்குவோர் கிடைத்தனர். சுற்றுக் கிராமத்தார் மிதிவண்டியின் இருபுறமும் கேன் தொங்கவிட்டு வட்டம் வட்டமாகச் சென்று ஊற்றினர். தயிர்க்கூடையும் கீரைக்கூடையும் பூக்கூடையுமாகப் பெண்கள் வளைவைத் தாண்டிச் சென்றனர். ஆண்டுக்கொருமுறை மல்லாட்டை விற்றுக் காசைப் பார்த்த குடும்பம், மாதந்தோறும் காசைப் பார்க்கத் தொடங்கியது. பெண்களின் கையிலும் சிறிது தங்கியது. நகரம் கிராமத்துக்குச் செய்த முதல் நன்மை இதுவென்பேன். இதனை மறைத்துச் சுரங்கத்தைத் தூற்றுவது நேர்மையன்று.

ஆனால் பால் கேட்ட நகரமே மேய்ச்சலையும் கேட்டது. சுரங்கம் நகரும் தன்மையுடையது. வீடு கட்டினால் அது நின்ற இடத்தில் நிற்கும். திறந்தவெளிச் சுரங்கமோ கரிப்படுகை போகும் திசையில் ஆண்டுதோறும் முன்னேறிச் செல்லும். ஒரு டன் கரிக்கு ஐந்தாறு கன மீட்டர் மண்ணை அகற்றவேண்டும். அகற்றிய மண்ணைக் கொட்டவும் இடம் வேண்டும். 1978ஆம் ஆண்டில் இரண்டாம் சுரங்கத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. பின்னர் முதல் சுரங்கத்தின் விரிவாக்கமும் ஒன்று-ஏ சுரங்கமும் வந்தன. இரண்டாம் அனல்மின் நிலையம் 1,470 மெகாவாட்டாக வளர்ந்து தென் மாநிலங்கள் அனைத்துக்கும் மின்சாரம் தந்தது. ஆண்டொன்றுக்கு முதல் சுரங்கம் 1 கோடியே 5 இலட்சம் டன்னும், இரண்டாம் சுரங்கம் 1 கோடியே 50 இலட்சம் டன்னும் தரும் திறனுடையவை. இந்த எண்களை எழுதுவது எளிது. ஒவ்வொரு முன்னேற்றத்துக்கும் முன்னால் ஊர்கள் இருந்தன. கோயில் இருந்தது, ஏரி இருந்தது, இடுகாடு இருந்தது. அவை பெயரளவில் மட்டும் வாழ்கின்றன.

நிலம் கொடுத்தோர்க்கு அரசு விலை தந்தது. குடியிருக்க மாற்று மனையும் தந்தது. சில கட்டங்களில் குடும்பத்தில் ஒருவர்க்கு நிரந்தர வேலையும் கிடைத்தது. வேறு கட்டங்களில் கிடைக்கவில்லை. கிடைக்காதோர் ஒப்பந்தத் தொழிலாளராக, தம் தந்தை உழுத மண்ணின் அடியிலேயே நாட்கூலிக்கு உழைத்தனர். நிரந்தரத் தொழிலாளியும் ஒப்பந்தத் தொழிலாளியும் ஒரே ஷிப்டில் இறங்கி ஒரே புழுதியைச் சுவாசித்து ஏறுவர். மாத முடிவில் கையில் வருவது ஒன்றன்று. பணி நிரந்தரம் வேண்டிப் பலமுறை நடந்த வேலைநிறுத்தங்களுக்குக் காரணம் இதுவே. மேய்ச்சல் போன பிறகு கறவையும் குறைந்தது. தீவனத்தைக் காசு கொடுத்து வாங்கி மாடு வளர்ப்பது எல்லார்க்கும் இயலாது. 1981இல் மாநிலக் கூட்டுறவு இணையம் அமைந்து ஆவின் பால் உறையில் வரத் தொடங்கியபின், கேன் கட்டிய மிதிவண்டிகளும் மெல்லக் குறைந்தன.

முதுமைக்கு வீடில்லாத நகரம்

இனி வடக்குத்துக்கு வருவோம். அது எப்படி வளர்ந்தது? சாலை ஓரம் என்பதாலா? அது ஒரு காரணமே. முதன்மைக் காரணம், நெய்வேலி நகரியத்தின் அமைப்பிலேயே பொதிந்திருக்கிறது.

நகரியத்து வீடுகள் நிறுவனத்தின் வீடுகள். பணியிலிருப்போர்க்கு அவை உரியவை. இருபத்தைந்து வயதில் வேலைக்குச் சேர்ந்த இளைஞர்க்கு ஒரு வீடு ஒதுக்கப்படும். அவர் மணம் முடிப்பார். அதே வீட்டில் பிள்ளைகள் பிறப்பர். வாசலில் அவர் மனைவி நட்ட மாங்கன்று பெருமரமாகிக் காய்க்கும். அருகிலேயே பள்ளி, மருத்துவமனை, கடைவீதி, பூங்கா. முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து ஒருநாள் அவருக்கு மாலை அணிவித்து வழியனுப்புவர். சில மாத அவகாசத்தில் வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைக்கவேண்டும். மாமரம் அடுத்து வருபவர்க்கு. அந்த நகரத்தில் பிறக்கலாம், படிக்கலாம், உழைக்கலாம். முதுமையடைய மட்டும் இடமில்லை.

அவர் எங்கே போவார்? திருநெல்வேலியிலிருந்தோ இராமநாதபுரத்திலிருந்தோ கேரளத்திலிருந்தோ வந்தவர். சொந்த ஊரில் வீடு சகோதரர் பங்குக்குப் போயிருக்கும். அங்கே அவரை அறிந்தவரும் குறைந்திருப்பர். பிள்ளைகளின் நட்பெல்லாம் இங்கே. மனைவிக்குப் பழகிய மருத்துவமனை இங்கே. கையிலிருப்பது வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடையும். அதைக் கொண்டு, பழகிய நகரை விட்டுத் தொலைவாகப் போகாமல், பேருந்து நிற்கும் இடத்துக்குப் பக்கமாக, ஐந்து சென்ட் நிலம் வாங்க நினைப்பார். வளைவைத் தாண்டியதும் வடக்குத்து.

இவ்வாறு வந்தோர் ஒருபுறம். நிறுவன வீட்டுக்கு உரிமையில்லாத ஒப்பந்தத் தொழிலாளர் மற்றொருபுறம். அவர்களுக்குக் குறைந்த வாடகையில் ஓர் அறையேனும் வேண்டும். நகரியத்துள் கடை கிடைக்காத வணிகரும், சம்பள நாளை நம்பித் தொழில் செய்த தையற்காரர், மிதிவண்டி பழுதுபார்ப்போர், நகைத் தொழிலாளர் ஆகியோரும் வந்தனர். இவர்களுடன், சுரங்கத்துக்கு ஊரை விட்டெழுந்தோர்க்காக அமைந்த மாற்றுக் குடியிருப்புகளும் சேர்ந்தன. கம்பங்கொல்லை மனைப்பிரிவாயிற்று. முந்திரித் தோப்பு "நகர்" ஆயிற்று. தலைவர் பெயராலும் தெய்வத்தின் பெயராலும் புதுப்புது நகர்கள். நில உரிமையாளர் சிலர் நல்ல விலை பெற்றனர். பிள்ளைகளைப் பொறியியல் படிக்கவைத்தனர். சிலர் அவசரத்துக்கு விற்று, தாம் விற்ற மனையிலேயே பிறர் கட்டிய வீட்டுக்குச் சித்தாளாகப் போயினர். இரண்டையும் ஒரே தெருவில் காணலாம்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்த மாற்றத்தை ஐயமறக் காட்டுகிறது. 2001ஆம் ஆண்டில் நெய்வேலி நகரியத்தின் மக்கள்தொகை ஒன்றேகால் இலட்சத்தைக் கடந்திருந்தது. 2011இல் அது ஏறக்குறைய 1,05,000 ஆகக் குறைந்தது. நாட்டின் நகரங்கள் பலவும் பெருகிய பத்தாண்டில் இந்நகரம் சுருங்கிற்று. ஓய்வு பெற்றோர் வெளியேற, அவர்களுக்குப் பதில் எடுக்கப்பட்ட நிரந்தரத் தொழிலாளர் தொகை பெரிதும் குறைந்ததே காரணம். உள்ளே ஆளில்லாத வீடுகள்; வெளியே மேலும் மேலும் மாடிகள்.

வடக்குத்து இன்று ஊரா நகரமா என்பதும் வேடிக்கையான வினாவே. கணக்கெடுப்புத் துறையினர் ஓர் ஊரை நகரமென்று கணிக்க மூன்று அளவுகோல் வைத்துள்ளனர்: ஐயாயிரம் பேருக்குக் குறையாத மக்கள், சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது நெருக்கம், உழைக்கும் ஆடவருள் நூற்றுக்கு எழுபத்தைந்து பேராவது வேளாண்மை அல்லாத தொழில். வடக்குத்து இவற்றுள் தேறி, கணக்கேட்டில் நகரமாகிவிட்டது. நிர்வாகத்திலோ அது குறிஞ்சிப்பாடி ஒன்றியத்தைச் சேர்ந்த ஊராட்சி. கணக்குப்படி நகரம், வரவு செலவுப்படி கிராமம். நகரத்துக்குரிய சாக்கடையும் குப்பையும் நெரிசலும் சேர்ந்துவிட்டன. அவற்றைக் கையாள ஊராட்சியின் கைப்பொருள்தான். மழைக்காலத்தில் மனைப்பிரிவுத் தெருக்களில் நிற்கும் நீரைக் கண்டவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எனினும் ஒன்று சொல்லவேண்டும். வளைவுக்குள்ளே விளக்கு எரியும், தெரு பெருக்கப்படும், குழாயில் நீர் வரும். ஆனால் அனைத்தும் நிறுவனத்தின் நகர நிர்வாகம் செய்வது. அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட நகர்மன்றம் இல்லை. வெளியே சாக்கடை தேங்கினாலும், அதற்காக நிறுத்திக் கேட்க ஓர் ஊராட்சித் தலைவரும் வார்டு உறுப்பினரும் உண்டு. முப்பத்தைந்து ஆண்டு உள்ளே வாழ்ந்து, ஓய்வுக்குப் பின் வெளியே வந்தவர்கள்தாம் முதன்முதலாகக் கிராம சபையில் எழுந்து நின்று தெருவிளக்குக்கு வாதாடக் கற்றனர். எது மேல் என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆயினும் என் மனம் சற்று வெளிப்பக்கமே சாய்கிறது.

நீரும் புயலும்

நிலத்தைப் பற்றிப் பேசினோம். நீரைப் பற்றியும் பேசவேண்டும். நெய்வேலிக் கரிப்படுகைக்கு அடியில் பெரும் அழுத்தத்துடன் கூடிய நீர்த்தேக்கம் உள்ளது. முன்பு இவ்வட்டாரத்தின் பல இடங்களில் துளையிட்டால், எந்திரமின்றியே நீர் தானாகப் பொங்கி வழியும். அத்தகைய ஊற்றுக்கிணறுகள் தென்னார்க்காட்டின் பெருமையாயிருந்தன. அந்த அழுத்தத்தை அப்படியே விட்டுவிட்டுக் கரியை வெட்டினால், சுரங்கத்தின் அடித்தளம் வெடித்து நீர் பீறிட்டுவிடும். ஆகையால் சுரங்கத்தைச் சுற்றி ஆழ்குழாய்கள் அமைத்து, இரவும் பகலும் ஓயாமல் நீரை இறைத்து அழுத்தத்தைத் தணிக்கின்றனர். பொறியியலில் இது ஓர் அருஞ்செயல்; ஆரம்ப ஆண்டுகளில் வெளிநாட்டு வல்லுநர்களே அஞ்சிய செயல். ஆனால் தானே பொங்கிய கிணறுகள் அடங்கின. முன்பு கயிறு எட்டிய ஆழத்தில் கிடைத்த நீருக்கு இப்போது நூற்றுக்கணக்கான அடி துளையிடவேண்டியதாயிற்று. அதே வேளையில், இறைத்த நீர் ஓடையாகச் சென்று வாலாஜா ஏரியையும் பெருமாள் ஏரியையும் அடைந்து, கீழே பல ஊர்களின் நெல்லுக்குப் பாய்ந்தது. மேட்டு உழவர் இழந்த நீரால் பள்ளத்து உழவர் விளைத்தனர். இருவரையும் ஒரே கூட்டத்தில் அமர்த்திப் பேசவைத்தால் ஒரே கருத்து வருமென்று எதிர்பார்க்க முடியாது.

2011 டிசம்பர் 30 விடியற்காலையில் "தானே" புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி வட்டாரத்துப் பலாவும் முந்திரியும் சில மணி நேரத்தில் வேரோடு சாய்ந்தன. நெய்வேலிச் சாலைகளின் அழகுக்குக் காரணமான மரங்களும் விழுந்தன. நெல்லை இழந்தவர் அடுத்த பருவத்தில் மீண்டும் விதைக்கலாம். முப்பது, நாற்பது ஆண்டு வளர்ந்த பலாவை இழந்தவர் என்ன செய்வார்? கன்று நட்டுக் காய்க்கும்வரை காத்திருக்க வயதும் வேண்டும், மாற்று வருமானமும் வேண்டும். மனம் தளராமல் மறுபடி நட்டோர் உண்டு, அவர்களை வணங்கவேண்டும். சாலையோரத்துத் தோப்புக்காரர் சிலர் எல்லைக் கல் நட்டு மனையாக்கினர். அவர்களைப் பழிக்க எனக்கு மனமில்லை.

வடக்குத்தில் இன்று நிலம் ஏக்கரில் பேசப்படுவதில்லை. சென்ட்டிலும் சதுர அடியிலும் பேசப்படுகிறது. சுரங்கத்தின் விளிம்பிலுள்ள ஊர்களிலோ இன்னும் ஏக்கரில்தான் பேச்சு. 2023 ஜூலையில், இரண்டாம் சுரங்கத்துக்காகப் பரவனாற்றின் போக்கை மாற்றும் கால்வாய் வெட்டுவதற்கு, வளையமாதேவியில் பயிர் நின்ற வயலில் இயந்திரங்கள் இறங்கின. நிலம் பல்லாண்டுகளுக்கு முன்பே முறையாகக் கையகப்படுத்தப்பட்டது, மழைக்கு முன் கால்வாய் முடியாவிட்டால் சுரங்கத்துக்கு ஆபத்து என்பது நிறுவனத்தின் வாதம். விதைத்ததை அறுக்கக்கூட விடவில்லையே என்பது உழவரின் கேள்வி. வழக்கு உயர்நீதிமன்றத்துக்குப் போயிற்று. கதிர் விடும் பயிர் அழிக்கப்பட்ட காட்சியைக் கண்டு தாம் கண்ணீர் விட்டதாக நீதிபதி கூறியது செய்தித்தாள்களில் வந்தது. அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் வழங்குமாறு உத்தரவாயிற்று. கால்வாய் வேலை தொடர்ந்தது.

நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் 2020இல் ஓய்வு பெற்றது. அதனிடத்தில் 1,000 மெகாவாட் திறனுடைய புதிய நிலையம் இயங்குகிறது. கரியை எரித்து மின்சாரம் எடுக்கும் காலம் உலகெங்கும் குறுகி வருவதை நாம் அறிவோம். நிறுவனமும் சூரிய ஒளி மின்சாரத்தில் முதலீடு செய்து வருகிறது. கரி நின்றுபோகும் நாளில் வளைவுக்குள் இருக்கும் வட்டங்கள் என்னவாகும் என்று இப்போதே பேசுவோர் உண்டு. வெளியே உள்ளவர்களின் கவலை அத்தனை நீண்டதன்று. சுற்றுவட்டார மாற்றுக் குடியிருப்புகளில் வாழ்வோர் பல்லாண்டுகளாகக் கேட்டு வருவது ஒன்றே: தம் பெற்றோர்க்கு ஒதுக்கப்பட்ட அந்தச் சிறு மனைக்குத் தம் பெயரில் ஒரு பட்டா. வங்கியில் வீட்டுக் கடன் கேட்டாலும், பெண்ணுக்கு வரன் பேசினாலும், முதலில் கேட்கப்படுவது அதுதான். ஒதுக்கீட்டுச் சீட்டை மடித்த மடிப்பில் கிழிந்துவிடாமல் நெகிழித்தாளில் சுற்றி, வீட்டுப் பெட்டியின் அடியில் வைத்திருக்கிறார்கள்.